முக்திநாத்துக்குக் குதிரையில் போகிறவர்களுக்கு

நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் இந்திய எல்லைக்கு வெளியே, இந்தப் பூமியில் இருப்பது ஒன்றே ஒன்று. நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் உள்ள முக்திநாத்தைத்தான் நம் யாத்திரை கோஷ்டிகள் திருச்சாளக்கிராமம் என்று சேவித்து வருகின்றன. அதைப் பாடிய திருமங்கையாழ்வாருக்கு ஆடல்மா என்ற குதிரை இருந்தது. நமக்கு வாய்ப்பது கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபௌவா கடைத்தெருவில் வாடகைக்கு நிற்கும் மட்டக்குதிரை. அதில் ஏறப் போகிறவர்களில் பலர் அதுவரை மெரினா மணலில்கூடக் குதிரை ஏறியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. உங்களுக்குக் குதிரை வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள். சாலை வராத காலத்தில், விமானம் இறங்கும் ஜோம்சோமிலிருந்தே குதிரை அல்லது நடை. ஒரு பகல் போய்விடும். இப்போது ராணிபௌவா வரை ஜீப் வருகிறது. மிச்சம் இருப்பது நன்றாக நடக்கிறவருக்கு அரைமணி நேர ஏற்றம். நம் ஊர்க்காரருக்கு அந்த உயரத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முழங்கால் வலி உள்ளவர், அறுபதைத் தாண்டியவர், படி ஏறினாலே கால் நடுங்குகிறவர் குதிரையில் போகட்டும். கால் நன்றாக இருக்கிற இளவட்டங்கள் நின்று நின்று நடப்பதே நல்லது. போட்டோவுக்காக மட்டும் ஏறுவதென்றால் வேண்டாம்.

2. குதிரை உங்கள் காலுக்குத்தான் மாற்று, மூச்சுக்கு அல்ல. நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பொக்கராவின் உயரம் சுமார் 820 மீட்டர். அங்கிருந்து இருபது நிமிட விமானத்தில் ஜோம்சோமில் இறங்கும்போது சுமார் 2,700 மீட்டரில் இருப்பீர்கள். நம் தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான். கோயில் அதற்கும் மேலே, சுமார் 3,700 மீட்டரில் இருக்கிறது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு மலைநோய் வரும். தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை என்று தொடங்கும். நடந்தவருக்கும் வரும், குதிரையில் உட்கார்ந்தே வந்தவருக்கும் வரும். ஆகவே ஜோம்சோமிலோ வழியிலுள்ள காக்பேனியிலோ ஓரிரவு தங்கி, மறுநாள் ஏறுங்கள். காக்பேனியில் பித்ரு காரியம் செய்கிற வழக்கமும் உண்டு, தங்குவது வீணாகாது.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். “இவ்வளவு தூரம் வந்தாயிற்று, குதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்” என்று கோஷ்டியில் யாராவது நிச்சயம் சொல்வார். கேட்காதீர்கள். பெருமாள் அங்கேயேதான் இருப்பார். அசெட்டசோலமைட் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். இதயக்கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட்டே எடுக்கக்கூடாது.

3. புடவையும் பஞ்சகச்சமும் பைக்குள் இருக்கட்டும். குதிரைமேல் சுடிதார், பேன்ட், இவைதான் சரி. காற்றில் படபடக்கும் துணி குதிரையை மிரட்டும். உங்கள் காலையும் கட்டிப்போடும். காலுக்குச் செருப்பு ஆகாது. குதிகால் உள்ள ஷூ வேண்டும். இல்லாவிட்டால் பாதம், கால் வைக்கும் அங்கவடிக்குள் முழுக்க நுழைந்துவிடும். விழுகிறவர் அதில் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே போகும். தலைக்கவசம் அங்கே கொடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

4. குதிரையைப் பாருங்கள். நம்மவர்கள் குதிரைக்காரர் கேட்கும் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். குதிரை நடக்கும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறதா? அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் தலையை வெடுக்கென்று தூக்குகிறதா? அப்படியானால் நொண்டி, விட்டுவிடுங்கள். சேணத்துக்குக் கீழே உள்ள கம்பளியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் புண் இருந்தால் ஏறாதீர்கள். புண்பட்ட குதிரை வலி தாங்காமல் குதிக்கும். அது குதிக்காவிட்டாலும், வாயில்லாப் பிராணியின் ரணத்தில் உட்கார்ந்து போய் என்ன தரிசனம்? லாடம் ஆடுகிறதா என்று குதிரைக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள். குளம்பை நீங்கள் தொட வேண்டாம்.

உங்கள் எடையும் கணக்கில் வரும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரைதான் குதிரை சிரமமின்றிச் சுமக்கும் என்பது குதிரை வளர்ப்பவர்களின் பொதுக்கணக்கு. முன்னூறு கிலோ குதிரை என்றால் அறுபது கிலோ, அதிலும் சேணம் சேர்த்து. தொண்ணூறு கிலோ உள்ளவர் இருப்பதிலேயே பெரிய குதிரையாகக் கேட்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் மோட்டார் சைக்கிளில் போகலாம். முதுகுப்பையையும் குதிரைமேல் ஏற்றாதீர்கள்.

5. வாடகை பேசும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: போக மட்டுமா, போய்வரவா? கோயிலில் குதிரைக்காரர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? சொல்லும் தொகை நேபாள ரூபாயா, நம் ரூபாயா? நம் நூறு ரூபாய் அங்கே 160 ரூபாய். வரும் சண்டையில் பாதி இதில்தான்.

6. ஏறுவது இடப்பக்கமாக. பின்னால் போய் நிற்காதீர்கள். எந்தக் குதிரையானாலும் உதைக்கும் தூரத்தில் நின்றால் உதைக்கக்கூடும். ஒரு திண்ணையோ உயரமான கல்லோ பக்கத்தில் இருந்தால் அதன்மேல் நின்று ஏறினால் உங்களுக்கும் சுலபம், குதிரையின் முதுகுக்கும் நல்லது. ஏறுவதற்கு முன் வயிற்றுப் பட்டையை இறுக்கச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு முறை. பட்டை கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும், நாலடி நடந்ததும் பட்டை தளர்ந்துவிடும். சேணம் சரிந்து விழுவதெல்லாம் இப்படித்தான்.

7. உட்கார்ந்த பிறகு நீங்கள் செய்ய வேண்டியது குறைவுதான். முன்பாதம் மட்டும் அங்கவடியில், குதிகால் தாழ்ந்து இருக்கட்டும். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் பின்னால். பிடிமானத்துக்குச் சேணத்தின் முன்பகுதியைப் பற்றுங்கள். கடிவாளத்தை இழுத்துத் தொங்காதீர்கள், குதிரைக்கு வாய் வலிக்கும். குதிரை பாதையின் விளிம்பிலேயே நடப்பதைப் பார்த்து அடிவயிறு கலங்கும். அதைத் திருப்ப முயலாதீர்கள். எங்கே கால் வைப்பதென்று அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது. செல்ஃபி, குடை, கூச்சல் மூன்றும் கூடாது. “பிஸ்தாரை” என்றால் மெதுவாக என்று பொருள். அந்த ஒரு நேபாளிச் சொல்லும், குதிரைக்காரரைக் கூப்பிட “தாய்”, அதாவது அண்ணா, என்பதும் போதும்.

8. காலையிலேயே கிளம்புங்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் போகப் போகக் காற்று பலமாகிவிடும். ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டும் பறப்பதற்கும் அதுதான் காரணம். சரக்கு ஏற்றிய கோவேறு கழுதைகள் மணியோசையுடன் எதிரே வந்தால், நடந்து வருகிறவர்கள் மலையை ஒட்டி ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் ஒருநாளும் நிற்கக்கூடாது. குதிரைமேல் இருக்கிறவர் முழங்காலை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும்.

9. கோயில் வாசலுக்குக் கீழே குதிரை நின்றுவிடும். இறங்கியதும் கால் மரத்திருக்கும். ஒரு நிமிடம் சேணத்தைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். அதன்பின் படிகள் உண்டு, நடந்துதான் ஆக வேண்டும். கோயிலில் உள்ள நூற்றெட்டு நீர்த்தாரைகளிலும் வருவது பனிமலைத் தண்ணீர். திடமாக இருக்கிறவர் ஓடி ஓடி நனையலாம். மற்றவர் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பலன் குறையாது. ஈர உடையோடு குதிரை ஏறினால் குளிர் எலும்பில் இறங்கும். ஆகவே மாற்றுடை கட்டாயம். சந்நிதியில் பௌத்த பிக்குணிகளைப் பார்த்து வியக்காதீர்கள். இந்த இடம் அவர்களுக்கும் புனிதத்தலம். நாம் பெருமாளாகச் சேவிக்கிற மூர்த்தியை அவர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். குதிரைக்காரரும் பெரும்பாலும் பௌத்தர்தான். பக்கத்தில் ஜ்வாலா மாயி கோயிலில் பாறை இடுக்கில் இயற்கை வாயு எரிகிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

10. திரும்பும்போது, முழங்கால் இடம் கொடுத்தால் நடந்தே இறங்குங்கள். குதிரைமேல் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. புதியவர்கள் முன்னால் சறுக்கி விழுவது அப்போதுதான். முன்கால்களில் பாரம் விழுவதால் குதிரைக்கும் சிரமம். ஆனால் போய்வர என்று பேசியிருந்தால், நடந்து வந்தேன் என்று சொல்லிக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். யாத்ரீகர் வருகிற சில மாத வருமானத்தில்தான் அந்தக் குதிரைக்கு வருஷம் முழுக்கத் தீனி போட வேண்டும்.