மஞ்சளின் நிறமும் மணமும்

மஞ்சள் எவ்வளவு அடர்ந்த நிறமோ அவ்வளவு உயர்ந்த மருந்து என்று பலரும் நம்புகிறார்கள். மைசூரு மண்டி மொஹல்லாவின் மளிகைக் கடையானாலும் ஈரோட்டு மஞ்சள் மண்டியானாலும் வாங்குபவரின் கண் முதலில் நிறத்துக்கே போகிறது. அந்த நிறத்தைத் தருவது குர்குமின். காய்ந்த விரலியில் அது பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம்தான். நிறம் போதாத சரக்கில் ஈயக் குரோமேட்டும் மெட்டானில் மஞ்சளும் ஏற்றப்படுவது உண்டு. முழுக் கிழங்காக வாங்கி அரைத்தால் தப்பிக்கலாம் என்பதும் உறுதியில்லை: கிழங்கை மெருகேற்றும்போதே ஈயக் குரோமேட் சேர்க்கப்படுவதை வங்கதேசத்தில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

மணமும் குர்குமினிலிருந்தே வருகிறது என்பது இன்னொரு தவறான எண்ணம். குர்குமினுக்கு வாசனை கிடையாது என்றே சொல்லலாம். மணம் இருப்பது டர்மரோன்கள் மிகுந்த, ஆவியாகும் எண்ணெயில். திறந்த டப்பாவில் கிடக்கும் தூளில் எண்ணெய் பறந்துவிடும், நிறம் நிற்கும். வெயில் பட்டால் நிறமும் வெளுக்கும். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் மங்குவது இதனால்தான். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் வி.எஸ். கோவிந்தராஜன் 1980இல் மஞ்சளின் வேதியியல், பதப்படுத்தல், தரம் மூன்றையும் சேர்த்து எழுதிய விரிவான மதிப்பாய்வு இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்டால் குர்குமின் 20 மடங்கு உடலில் ஏறும் என்கிறார்கள். கணக்கு உண்மையானது, அளவுதான் வேறு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வர்கள் 1998இல் வெளியிட்ட சோதனையில் கொடுக்கப்பட்டது 2 கிராம் தூய குர்குமினும் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராமும். ஒரு டம்ளர் பாலில் போடும் அரை டீஸ்பூன் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 50 மில்லிகிராம். 2 கிராமுக்கு 40 டம்ளர் பால் வேண்டும். சூடான பால் தொண்டைக்கு இதம் தரும், சளியின் வைரஸைக் கொல்லாது.

புண்ணுக்கு மஞ்சள் என்ற அமெரிக்கக் காப்புரிமை 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்து வாதாட, 1997இல் அது ரத்தானது. மஞ்சளின் குணத்துக்கு இதையே சான்றாகச் சொல்வது பிழை. அந்தப் பயன் இந்தியாவில் முன்பே தெரிந்தது, புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதே முடிவு. சமையல் தூளில் கிருமி வித்துகள் இருக்கலாம். ஆழமான வெட்டுக்காயத்தில் அதை அப்பக் கூடாது.

கலப்படமில்லாத மஞ்சள் குழம்பில் போடும் அளவில் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் அப்படியல்ல. அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.