பொருத்தம் அறிந்து பூட்டுதல்

சென்னை மாநகரில் அண்ணா சாலையை அடுத்து ரிச்சி தெரு என்றொரு கடைவீதி உண்டு. மின்னணுப் பொருள்கள் மலைபோற் குவிந்து கிடக்கும் இடம் அது. கணிப்பொறியின் உறுப்புகளைத் தனித்தனியே விலைபேசி வாங்க விரும்புவோர் பலர் அங்கு வருவர். அவருள் இளைஞர் மிகுதி. முழுமையாகச் செய்து விற்கும் கணிப்பொறியை வாங்காது, வேண்டும் உறுப்புகளைத் தேர்ந்து, வீட்டிலிருந்து தம் கையாலேயே கூட்டி, அதில் விளையாடி மகிழவேண்டும் என்பது அவர்தம் வேட்கை.

விளையாட்டுக்காகவா இத்துணைப் பாடு என்று முதியோர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. அவர் அறியாதது ஒன்று உளது. விளையாட்டைத் தாங்கும் வலிமையுள்ள கணிப்பொறி, படிப்புக்கும் படம் வரைதற்கும் நிரல் எழுதுதற்கும் நன்கு உதவும். ஆயினும், அதற்காகும் செலவு சிறிதன்று. நடுத்தரக் குடும்பம் ஒன்று பல திங்களாகச் சேர்த்த தொகை ஒரே மாலைப்பொழுதிற் கைமாறிவிடும். பின்னர், வாங்கிய உறுப்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாவெனின் வருந்திப் பயனில்லை. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போர் இவ்வுறுப்புகளுக்கு ஐந்து பொருத்தமேனும் பார்த்தல் வேண்டும்.

பலர் செய்த உறுப்புகளை ஒன்றாகப் பூட்டும் இவ்வசதி எவ்வாறு வந்தது? 1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தனியாள் கணிப்பொறி ஒன்றை வெளியிட்டனர். அதனை விரைந்து முடிக்கவேண்டியிருந்தமையால், செயலியை இண்டெல் நிறுவனத்தாரிடமும் இயக்க மென்பொருளை மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரிடமும் பெற்றனர். பொறியின் அமைப்பு விவரங்களையும் நூலாக அச்சிட்டு விற்றனர். அவற்றை அறிந்த பிறர் அப்பொறிக்கு ஏற்ற கார்டுகளைச் செய்தனர். நாளடைவில் அப்பொறியை ஒத்த பொறிகளையே செய்யலாயினர். 1995ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனத்தார் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தனர். பலகையின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், மின்னிணைப்பின் வடிவு ஆகியவை அதனால் வரையறைப்பட்டன. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் முறையாக அமர்வது இவ்வரையறையாலேயாம்.

உறுப்புத் தேர்வைத் திரையிலிருந்து தொடங்குதல் நன்று. கடைக்குச் செல்லும் இளைஞர் பெரும்பாலும் செயலியின் பெயரையே முதலிற் கேட்பர். திரையை இறுதியில், எஞ்சிய பணத்திற்கு வாங்குவர். இது தலைகீழ் முறை. திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அத்தனைக்கும் நிறம் கண்டு தருதலே பொறியின் பெரும்பணி. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560க்கு 1440 என்பதில் 36,86,400 புள்ளிகள். 3840க்கு 2160 என்பதிலோ 82,94,400. முதலிற் கூறியதைப்போல் சரியாக நான்கு மடங்கு! திரை நொடிக்கு 60 முறை படம் மாற்றுவதாயின், ஒரு படத்தைத் தீட்டப் பொறிக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 17 மில்லிநொடி. 144 முறை மாற்றுவதாயின் 7 மில்லிநொடிக்கும் குறைவு. கண்ணிமைக்கும் பொழுதினும் சிறிதான இக்காலத்திற்குள் படம் முடியாதாயின், ஓடும் குதிரை திரையில் தத்தித் தத்திச் செல்லும். ஆதலின், எத்தகைய திரை, எத்தகைய விளையாட்டு என்னும் இரண்டையும் துணிந்த பின்னரே பிறவற்றை எண்ணுதல் வேண்டும்.

படம் உருவாகும் பணியில் இருவர் கூடி உழைக்கின்றனர் எனலாம். ஒருவர் செயலி, மற்றவர் கிராபிக்ஸ் கார்டு. கோயில் எழுப்பும் இடத்தில் தலைமைச் சிற்பி ஒருவர் நின்று, இன்ன இடத்தில் இன்ன தூண் என ஆணையிடுவார். கல் தச்சர் பலர் அவர் சொற்படி ஒரே வேளையிற் செதுக்குவர். செயலி அத்தலைமைச் சிற்பி போன்றது. ஆட்டக்காரன் எங்கு நிற்கின்றான், எறிந்த பந்து எங்கு வீழும், கதவு திறந்ததா என்பவற்றை எல்லாம் அது கணிக்கின்றது. கிராபிக்ஸ் கார்டினுள் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் உள. அவை தச்சர் கூட்டம்போல் புள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டு தீட்டுகின்றன. தலைமைச் சிற்பி மந்தமானவராயின் தச்சர் கைகட்டி நிற்பர். தச்சர் சிலரேயாயின் தலைமைச் சிற்பி வாளா காத்திருப்பார். இரு நிலையிலும் கொடுத்த கூலியில் ஒரு பகுதி வீணே.

ஆகவே, விலையுயர்ந்த செயலியை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்திற்கு எளிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்குவோன் ஏமாறுவான். விளையாட்டையே முதன்மையாகக் கருதுவோர், பெட்டியினுள் இருக்கும் உறுப்புகளுக்கு ஒதுக்கிய தொகையில் மூன்றிலொரு பங்குமுதல் பாதிவரை கிராபிக்ஸ் கார்டிற்கே வைப்பது கைதேர்ந்தோர் வழக்கம். ஏற்கெனவே ஒரு பொறி வைத்திருப்போர் குறை எவரிடத்து என்று அறிய ஓர் எளிய வழியும் உண்டு. விளையாட்டின் அமைப்பிற் சென்று திரையளவைக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு குறைத்தும் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை கூடவில்லையாயின், தடையாய் இருப்பது பெரும்பாலும் செயலியே; அந்நிலையிற் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குதல் வீண்செலவு.

இனி, செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் உள்ள பொருத்தம். கடைவீதியில் மதர்போர்டு என வழங்கும் தாய்ப்பலகையில் செயலி அமர்தற்கு ஒரு வாய் உண்டு. அதனைச் சாக்கெட் என்பர். சாக்கெட் ஒன்றாயின் போதும் எனப் பலரும் கருதுவர். அஃது எப்பொழுதும் உண்மையாவதில்லை. 2015ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனத்தார் 1151 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட்டை வெளியிட்டனர். 2017ஆம் ஆண்டில் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளுக்கும் தொடுமுனைகள் 1151 தாம். செயலி பழைய பலகையில் அழகாக அமர்ந்தது, ஆனால் இயங்கவில்லை! புதிய பலகை வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் வகுத்த ஏ.எம்.4 என்னும் சாக்கெட்டில், 2022ஆம் ஆண்டில் வந்த செயலிகளும் அமர்ந்து இயங்கின. பலகையின் உள்மென்பொருளாகிய பயாசைப் புதுப்பித்தல் ஒன்றே வேண்டப்பட்டது. எனவே, பலகையைச் செய்தவர் வெளியிட்டுள்ள செயலிப் பட்டியலில் தாம் விரும்பும் செயலியின் பெயர் உளதா என்று கண்ட பின்னரே பணத்தை எடுத்தல் தகும்.

நினைவகமும் அத்தகையதே. ரேம் எனப்படும் இதில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இருவகை இன்று வழக்கில் உள. இரண்டிற்கும் தொடுமுனைகள் 288, நீளமும் ஒன்றே. ஆயின், அடிப்பகுதியிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று செல்லாது. வலிந்து அழுத்தினால் பலகை முறியும். 16 ஜி.பி. நினைவகம் வேண்டுவோர், ஒரே துண்டாக வாங்குவதினும் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குதல் சிறப்பு. செயலி இரு வழியாலும் ஒருங்கே செய்தி பெறும். இன்னும் ஒன்று. விரைவு மிக்க ரேம் வாங்கியோர் பலர், அதன் முழு விரைவை அறியாமலே ஆண்டுக்கணக்கிற் பயன்படுத்துகின்றனர். பயாசினுட் சென்று எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்கினாலன்றி, அது தாழ்ந்த விரைவிலேயே ஓடும். ரேமின் தலையில் வண்ண விளக்குகள் பதித்து விற்பதும் உண்டு. விளக்கு எரிவதால் விளையாட்டு விரைவதில்லை, விலைதான் ஏறுகின்றது.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். சுழலும் வன்தட்டில் இக்கால விளையாட்டுகளை வைத்தல் பொறுமையைச் சோதிக்கும்.

எல்லா உறுப்பினும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும், புறக்கணித்தவரை மிகுதியாக வருத்துவதும் மின்வழங்கியே. கடைக்காரர் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். இது விளையாட்டை விரைவுபடுத்துவதில்லை. கண்ணுக்கு விருந்தாவதும் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டு முதலிய சிறு அளவுகளாக்கி, ஏற்ற இறக்கமின்றி ஒவ்வோர் உறுப்பிற்கும் ஊட்டுவது இதன் தொழில். தரங்குறைந்த மின்வழங்கி பழுதாகுங்கால் தான் மட்டும் அழிவதோடு நிற்பதில்லை. தாய்ப்பலகையையும் கிராபிக்ஸ் கார்டையும் உடன்கொண்டு போவதும் உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணி, பல பதினாயிரம் ரூபாய்ப் பொருளைப் பணயம் வைத்தல் எவ்வகைச் சிக்கனம்?

எத்துணை வாட்டு வேண்டும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம். ரைசன் 5 7600 என்னும் செயலிக்கு 65 வாட்டு எனக் குறித்திருப்பினும், முழு விசையில் அது 88 வாட்டு வரை கொள்ளும். ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் கிராபிக்ஸ் கார்டு 115 வாட்டு கொள்ளும். பலகை, ரேம், விசிறி முதலியவற்றிற்கு ஏறத்தாழ 60 வாட்டு எனக் கொண்டால், மொத்தம் 263. ஆயினும், அக்கார்டைச் செய்த என்விடியா நிறுவனத்தார் 550 வாட்டு மின்வழங்கியைப் பரிந்துரைத்தனர். கிராபிக்ஸ் கார்டு நொடியின் சிறு பகுதிக்குள் திடீரென மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். அதனைத் தாங்க இடம் வேண்டும். மின்வழங்கியின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டியுள்ள எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. பக்கத்துச் சீட்டில் 12 வோல்ட்டு வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று காணுதல் வேண்டும். 42 ஆம்பியர் எனில், பன்னிரண்டாற் பெருக்க 504 வாட்டு, நன்று. மேலே 450 வாட்டு என்று பெரிதாக இருந்து, உள்ளே 18 ஆம்பியரே எனில், 216 வாட்டுத்தான் உண்மை. பெட்டியோடு இலவசமாகத் தரும் மின்வழங்கிகளில் இத்தகையன பல. 80 பிளஸ் என்னும் முத்திரை, பெறும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கேனும் வீணாகாமல் உறுப்புகளுக்குச் சேரும் என்பதைக் காட்டும். நீண்டநாள் உழைக்கும் என்பதற்கு அது சான்றன்று. அதற்கு உத்தரவாதக் காலத்தைப் பார்த்தல் நலம். இத்துணையும் பார்த்து வாங்கியவர், தம் வீட்டுச் சுவரிலுள்ள மூன்றாம் துளைக்கு நிலத்தொடர்பு உண்மையிலேயே உளதா என்று மின்பணியாளரைக் கொண்டு ஒருமுறை சோதித்தலும் வேண்டும்.

கேபினெட் என்னும் பெட்டியைத் தேருங்கால், கிராபிக்ஸ் கார்டின் நீளமும் செயலியின் மேல் அமரும் குளிர்விப்பானின் உயரமும் அதனுள் அடங்குமா என்று அளந்தறிதல் வேண்டும். முகப்பு முழுதும் கண்ணாடியாயின் பார்க்க அழகுதான். ஆனால், சித்திரைத் திங்களின் வெம்மையில் காற்று நுழைய வழியின்றி உள்ளிருப்பவை வெந்து போகும். வலைமுகப்பும், கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டியும் உள்ள பெட்டியே நம் நாட்டிற்கு ஏற்றது.

விலையைப் பொறுத்தவரை அறுதியிட்டு உரைத்தல் அரிது. 2021ஆம் ஆண்டில், மறைநாணயம் ஈட்டுவோர் போட்டியாலும் சில்லுகளின் தட்டுப்பாட்டாலும் கிராபிக்ஸ் கார்டின் விலை குறித்த விலையினும் இருமடங்கு ஏறியதுண்டு. அத்தகைய காலத்தில், செயலியினுள்ளேயே வரைகலைத் திறன் அமைந்த வகையை வாங்கிச் சில திங்கள் காத்திருந்தோர் மிகுந்த இழப்பின்றித் தப்பினர்.

உறுப்புகளைப் பூட்டும் வேலை ஒரு பிற்பகலில் முடியும். தொடங்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தங்கிய மின்னேற்றத்தைப் போக்கிக்கொள்ளுதல் நன்று. பூட்டி முடித்து விசையை அழுத்தியதும், விசிறி சுழன்றும் திரை இருண்டே இருக்கக் கண்டு இளைஞர் பலர் உள்ளம் தளர்வர். டி.டி.ஆர்.5 ரேம் உள்ள பொறி முதன்முறை சில நிமிடம் அவ்வாறே இருத்தல் இயல்பு. அது நினைவகத்தைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதன் பின்னும் இருள் நீங்கவில்லையாயின், ரேம் துண்டுகள் ஓசையெழும்வரை அழுந்தினவா, செயலிக்குரிய மின்கம்பி செருகப்பட்டதா என்று பார்க்கலாம். அவை யாவும் சரியாயிருப்பின், பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை நோக்குதல் வேண்டும். அரும்பொருள் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு கீழே வறிதே இருக்க, திரையின் கம்பி தாய்ப்பலகையின் துளையிற் செருகப்பட்டிருக்கும். அதனை உருவிக் கார்டிற் செருகிய அளவிலே திரை ஒளிரும்.