முட்டை அட்டைக்கு அடங்காத எதிரொலி

கேள்வி: பிரேசர் டவுனில் பாட்டி காலத்து வீடு. சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்ய ஓர் அறையை ஒதுக்கியாயிற்று. 12-க்கு 10 அடி, கூரை உயரம் 12 அடி, சிவப்பு ஆக்ஸைடு தரை. ஒரு சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியும் கிணற்றுக்குள் பேசுவது போலவே பதிவாகிறது. ரயில் சத்தம் வேறு. வீட்டிலேயே பேனல் செய்து மாட்டினால் இரண்டும் தீருமா?
– வாசகர், பிரேசர் டவுன், பெங்களூரு

பதில்: எதிரொலி தீரும், ரயில் தீராது. பேனல் அறைக்குள் பிறக்கும் ஒலியைத்தான் உறிஞ்சும். வெளியிலிருந்து வருவதை மறிக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவு ஜன்னலும் வேண்டும். காற்று நுழைகிற வழியில் எல்லாம் பெங்களூரு கிழக்கு ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலும் நுழையும்.

அறையைக் குற்றம் சொல்ல முடியாது. 1898-இல் பிளேக் வந்து போன பிறகு, நெரிசலைக் குறைக்க கன்டோன்மென்ட் பக்கம் எழுந்த பேட்டை பிரேசர் டவுன். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் வைத்தார்கள். இன்று ஏட்டில் புலிகேசி நகர். காற்றோட்டத்துக்கு உயர்ந்த கூரை, துடைக்கச் சுலபமான வழவழத் தரை, சுண்ணாம்புப் பூச்சு என்று உடம்புக்கு நல்லதாக அந்தக் காலத்து வீடுகளில் செய்தவை எல்லாம் மைக்குக்குப் பகை. இந்த அளவுள்ள வெற்று அறையில் ஒலி அடங்க ஏறத்தாழ 2 வினாடி ஆகும். கதை வாசிக்க அரை வினாடியே அதிகம்.

இந்தக் கணக்குக்கு வழி போட்டவர் ஹார்வர்டின் இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல், பேச்சு புரியவில்லை என்று புகார் வந்த ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்புவார்; ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார்; விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அவர் கண்ட உண்மை மெத்தைக் கடைக்காரருக்கும் புரியும்: எத்தனை சதுர அடி, எவ்வளவு தடிமன் என்பதே பேச்சு. மேடு பள்ளமான உருவத்தில் ஒன்றுமில்லை. முட்டை அட்டை தோற்பது அங்கேதான். கீச்சொலியைக் கொஞ்சம் மழுக்கும், குரலின் அடிப்பகுதியைத் தொடவே தொடாது. தீப்பற்றிக்கொள்ளவும் செய்யும்.

மலிவு ஃபோமும் அப்படித்தான். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதிச் சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் மேடை மத்தாப்பு பட்டு 100 பேர் இறந்தார்கள்.

வாங்க வேண்டியது ராக்வூல் என்னும் பாறைப் பஞ்சின் ஸ்லாப். ஏ.சி. டக்ட் வேலைக்காரர்களுக்குச் சரக்கு கொடுக்கும் கடைகளில் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. தடிமன் என்று கேட்டால் போதும். ஸ்லாப் கைக்கு வந்த பிறகே தச்சரிடம் சட்டம் அறுக்கச் சொல்ல வேண்டும். அளவு கடைக்குக் கடை மாறும். 1 மீட்டருக்கு 60 செ.மீ. ஸ்லாப் ஒன்றரைக் கிலோகூட இராது, ரீப்பர் கட்டையே தாங்கும். அழகுக்காக முன்பக்கம் பிளைவுட் அடிக்கட்டுமா என்று தச்சர் கேட்பார். வேண்டவே வேண்டாம்.

மேலே போர்த்தும் துணியைக் கடையிலேயே சோதிக்கலாம். வாயில் வைத்து ஊத வேண்டும். மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். சாதாரண காடாத் துணி தேறும், ரெக்சின் தேறாது. ராக்வூலை வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். இல்லையென்றால் அன்று ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பேனலைச் சுவரோடு ஒட்டி அறைவது பலரும் செய்யும் தவறு. சுவரை ஒட்டினாற்போல் காற்று அசையாது. அசையாத காற்றில் பஞ்சுக்கு வேலை இல்லை. நேராக ஒட்டினால் 50 மி.மீ. ஸ்லாப் தோராயமாக 1,700 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழு பலம் காட்டும். பின்னால் இன்னொரு 50 மி.மீ. இடைவெளி விட்டால், காலணா கூடுதல் செலவில்லாமல் அது 850-க்கு இறங்கிவிடும்.

இந்த அறையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. நீளமும் உயரமும் ஒரே 12 அடி. அதனால் 47 ஹெர்ட்ஸும் அதன் இருமடங்கான 94 ஹெர்ட்ஸும் இரட்டிப்பாகத் தேங்கும். பின்னது ஆண் குரலின் அடி ஸ்தாயி; ‘ம்’ என்றாலே அறை முனகும். அதற்கு மெல்லிய பேனல் உதவாது. மூலைகளில் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று ஸ்லாப் தடிமனில் குறுக்காக நிறுத்த வேண்டும்.

மற்றபடி 12 பேனல் இருந்தால் அரை வினாடியை நெருங்கிவிடலாம். முதல் நான்கை வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டுவது நல்லது. மைக்கின் முகம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் மாட்டிவிட்டு, ஏன் எதிரொலி குறையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இன்னும் குறைக்கத் தரைக்குத் தடித்த ஜமுக்காளம், ஒரு பக்கம் புத்தக அலமாரி.

ரயிலுக்கு ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டையும் கதவடியில் தடுப்பும் ஓரளவு கைகொடுக்கும். அதற்கு மேல் ராத்திரிதான் வழி, ரமலான் மாதம் நீங்கலாக. அப்போது பேட்டையின் மசூதி சாலை நள்ளிரவிலும் தூங்காது. கபாப் கடை வரிசையில் நின்றுவிட்டுப் பதிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம்.