எலிசா அட்கின்ஸ் கிளீசன் அம்மையாரும் நூலகவியல் கல்வியும்

நூலகம் யாவர்க்கும் பொது என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ‘யாவர்’ என்னும் அச்சொல்லுள் யார் யார் அடங்குவர், அதனை முடிவு செய்பவர் யார் என்று வினவுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவையே ஆய்வுப் பொருளாக்கியவர் எலிசா அட்கின்ஸ் கிளீசன் அம்மையார். நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரும் அவரே.

அம்மையார் 1909 டிசம்பர் 15ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் சைமன் கிரீன் அட்கின்ஸ் கறுப்பின மாணவர்க்கென நிறுவிய கல்விக்கூடமே பின்னாளில் வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தாயாரும் ஆசிரியையே. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1930இல் இளங்கலைப் பட்டமும், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1931இல் நூலகவியல் பட்டமும் பெற்ற அம்மையார், லூயிவில் நகரில் கறுப்பின மாணவர்க்குரிய நகராட்சிக் கல்லூரியின் நூலகத்தில் பணியேற்றார். அந்நகரில்தான் கறுப்பினத்தவர்க்கென, கறுப்பினத்தவரே நடத்திய பொது நூலகக் கிளை 1905இல் தொடங்கப் பெற்றது. தாமஸ் ஃபவுண்டன் புளூ அதன் பொறுப்பை ஏற்று, பிற ஊர்களிலிருந்து வந்தோர்க்கும் நூலகப் பயிற்சி அளித்தார். பெருமைக்குரிய கிளைதான், ஆயினும் தலைமை நூலகம் மறுக்கப்பட்டதனால் எழுந்த கிளை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பெர்க்லியில் 1936இல் முதுகலை முடித்தபின், அலபாமா மாநிலத்துத் தல்லடேகா கல்லூரியில் நூலகப் பொறுப்பு ஏற்ற அம்மையார், தொடர்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கட்குரிய பொது நூலகப் பணியின் ஆட்சியும் நிருவாகமும் என்பது ஆய்வின் பொருள். தலைப்பைக் கேட்போர்க்கு வறட்சியாகத் தோன்றலாம். எமக்கோ அவ்வறட்சியே அதன் வலிமை எனப் படுகிறது. கொடுமை நிகழ்கிறது என்று முறையிடுவதோடு நில்லாமல், அது எவ்வழியாக நிகழ்கிறது என்று காட்ட முற்பட்ட ஆய்வு அது. நூலகத்தை ஆளும் குழு யாது, பணம் எங்கிருந்து வருகிறது, கறுப்பின வாசகர்க்குரிய பணி கிளை வாயிலாகவா, தனி நூலகம் வாயிலாகவா, பள்ளி கல்லூரிகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டின் வாயிலாகவா என்றெல்லாம் ஆராய்ந்தது. பெரும்பாலான கறுப்பின மக்கட்கு எவ்வகை நூலகப் பணியும் எட்டவில்லை என்பது தெளிவாயிற்று. 1940இல் பட்டம் கிட்டியது. மறு ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனைத் ‘தென்னக நீக்ரோவும் பொது நூலகமும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கிற்று. (நீக்ரோ என்பது அக்காலத்து வழக்கு, இன்று அச்சொல்லைத் தவிர்க்கின்றனர்.)

அதே காலத்தில், 1939 ஆகஸ்டில், வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகர நூலகத்தில் ஐந்து கறுப்பின இளைஞர் உறுப்பினர் அட்டை கேட்டு, மறுக்கப்பட்டபின் நூலேந்தி அமைதியாக அமர்ந்து படித்துக் கைதாயினர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

கறுப்பின நூலகர்க்குப் பயிற்சியளித்து வந்த ஹாம்ப்டன் பள்ளி 1939இல் மூடப்பட்டது. அக்குறையை நிரப்ப அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் 1941இல் நூலகவியல் பள்ளி தோன்றியபோது அம்மையாரே அதன் முதல் தலைவரானார். இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அப்பள்ளியில் பயின்றோர் பகுப்பும் பட்டியலும் முறையாகக் கற்றனர். ஆனால் அதே நகரின் மையப் பொது நூலகத்துள் வாசகராய் நுழையும் உரிமை அவர்க்கு இல்லை. ஆபர்ன் அவென்யூவில் 1921இல் திறந்த கிளையே அவர்க்கு விடப்பட்டது. ஸ்பெல்மன் கல்லூரிப் பிரெஞ்சுப் பேராசிரியை ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் மைய நூலகத்தின் உறுப்பினர் அட்டையைப் பெற்றது 1959இல்தான்.

அம்மையார் 1942 முதல் 1946 வரை அமெரிக்க நூலகக் கழகத்தின் மன்றத்திலும் இடம்பெற்றார். அம்மன்றத்தில் அமர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். பின்னர், மருத்துவரான கணவரோடு சிகாகோவில் வாழ்ந்து பணியைத் தொடர்ந்தார். அட்லாண்டாவில் அவரை அடுத்துத் தலைவரான வர்ஜீனியா லேசி ஜோன்ஸ், லூயிவில் கல்லூரி நூலகத்தில் அவருடன் பணியாற்றியவர். நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டாம் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1981 வரை அவர் நடத்திய அப்பள்ளி 2005இல் மூடப்பட்டது.

நூலக வரலாற்று நூல்களுக்கு அமெரிக்க நூலகக் கழகத்தின் பிரிவொன்று 2004 முதல் கிளீசன் பெயரால் பரிசளித்து வருகிறது. அம்மையார் 2009 டிசம்பர் 15ஆம் நாள், தம் நூறாம் பிறந்த நாளன்றே மறைந்தார்.