பேரப்பிள்ளைகளுக்கு எந்தத் திருச்சியைக் காட்டுவது?

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் என் மகள் குடும்பத்தோடு ஜனவரியில் வருகிறாள். பேத்திக்குப் பதினான்கு வயது, பேரனுக்கு ஒன்பது. போன தடவை ஒரே நாளில் மலைக்கோட்டை, சமயபுரம், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், கல்லணை எல்லாம் காரில் சுற்றிக் காட்டினோம். ராத்திரி பேத்தி, “எல்லாம் ஒரே மாதிரி இருந்தது பாட்டி” என்று சொல்லிவிட்டாள். அங்கே மியூசியம் போய்ப் பழகிய பிள்ளைகள். இந்தத் தடவை எதிலிருந்து ஆரம்பிப்பது?
— வாசகி, உத்திர வீதி, ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் பேத்தி சொன்னது நியாயம்தான் அம்மா. ஒரே நாளில் அத்தனையும் பார்த்தால் பெரியவர்களுக்கே ஒரு கோபுரம் இன்னொன்றோடு கலந்துவிடும். மெல்பர்ன் மியூசியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் விளக்கம் இருக்கும். நம் ஊரில் பார்க்கவேண்டியவற்றில் பாதி, இன்றும் பூஜை நடக்கிற இடங்கள். அங்கே பலகையை எதிர்பார்க்க முடியாது; பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம்.

மலை ஏறுவதற்கு முன் ராணி மங்கம்மாள் மகாலுக்குப் போங்கள். மலைக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் மங்கம்மாளுடையது என்றாலும் இந்தத் தர்பார் மண்டபத்தைக் கட்டியவர் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர் என்பார்கள். மதுரையிலிருந்து தலைநகரை இங்கே மாற்றியவர் அவர்தான். 1983-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இதற்குள் இயங்குகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கவேண்டாம். பேரனுக்குப் புதைபடிவங்களும் நாணயங்களும் போதும். பேத்தியைக் கற்சிலைகளிடம் அழைத்துப் போங்கள். கோயிலில் சுவாமியைப் பட்டும் மாலையும் சாத்தி, விளக்கு வெளிச்சத்தில், தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். இங்கே சிலை கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில், உளி பட்ட தடத்தோடு நிற்கிறது. ஒரு விஷ்ணு சிலை முன் நின்று, கையில் சக்கரம் எப்படி இருக்கிறது என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். அது எறியத் தயாராக விளிம்பைக் காட்டி நின்றால் பெரும்பாலும் பழைய காலத்துச் சிலை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், அப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவளே தேட ஆரம்பித்துவிடுவாள். எல்லா அறைகளையும் பார்த்து முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம்.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் மலைக்கோட்டை. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறவேண்டும். மேலே திறந்தவெளிப் படிகள் பகலில் சுட்டுவிடும். தாயுமானவர் சன்னிதியைத் தாண்டி உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் வழியில் ஒரு குடைவரை வரும். மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. அதுதான் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரகிருகம். கருவறைக்கு எதிர்ச் சுவரில் கங்காதரர்: சிவபெருமான் ஒரு கையால் சடையின் ஒரு புரியைப் பிடித்திருக்க, அதில் கங்கை வந்து இறங்குகிறாள். இரு பக்கத் தூண்களிலும் அரசனின் சமஸ்கிருதக் கல்வெட்டு. அதில் ஒரு கற்பனை வருகிறது. நதிகளின் மேல் பிரியமுள்ளவர் சிவன். கீழே ஓடும் காவிரியைப் பார்த்து மனம் போய்விடுமோ என்று பார்வதிக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, இந்த நதி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை மேலே கூட்டிப்போய்க் காவிரியைக் காட்டுங்கள். பதினான்கு வயதுப் பெண் இந்தக் கதையை ஊருக்குத் திரும்பியும் சொல்வாள்.

உச்சியில் இன்னொரு வேலை இருக்கிறது. மேற்கே முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் வடக்கே, காவிரி தெற்கே, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கிழக்கே கல்லணை இருக்கும் திசை. தங்கள் பாட்டி வீடு இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இதுதான். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கேள்வி: அவர்களோடு ஆஸ்திரேலிய நண்பர் ஒருவரும் வருகிறார். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் அவர் எதுவரை போகலாம்? தரிசனம் இல்லாமல் என்ன பார்ப்பது?
— அதே வாசகி

பதில்: பெருமாள் சன்னிதியைச் சுற்றிய உள்பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதி இல்லை. ஆனாலும் அவருக்கு ஒரு முழு நாள் போதாது. கோயில் வளாகம் 156 ஏக்கர், கோபுரங்கள் 21. ஏழு சுற்றில் வெளிச் சுற்றுகள் மூன்றும் மக்கள் குடியிருக்கும் வீதிகள். நீங்கள் இருக்கும் உத்திர வீதியே அவற்றில் ஒன்று. உங்கள் வாசல் திண்ணையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தெற்கு ராஜகோபுரத்தை எல்லோரும் பழையது என்று நினைத்துக்கொள்வார்கள். சில நூறு ஆண்டுகள் மொட்டையாக நின்று, 1987-இல்தான் 236 அடி உயரத்துக்கு எழுந்து முடிந்தது. உங்கள் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அல்லவா? சாரம் கட்டியிருந்த நாட்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; அதை எந்த வழிகாட்டியும் சொல்லமாட்டார்.

சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். முன்கால் தூக்கிய குதிரை, மேலே வீரன், கீழே ஈட்டியோடு நிற்கும் ஆட்கள், பாயும் விலங்கு எல்லாம் ஒரே கல்லில். தயவுசெய்து யாரும் அந்தக் கால்களைப் பிடித்துப் படம் எடுக்க விடாதீர்கள். கை எண்ணெய் பட்டுப்பட்டுக் கல் கறுத்துப்போகிறது. வேணுகோபாலர் சன்னிதியின் வெளிச்சுவரில் கண்ணாடி பார்க்கும் பெண்ணையும் வீணை வாசிப்பவளையும் பேத்தியே கண்டுபிடிக்கட்டும். கோயிலின் சொந்த அருங்காட்சியகத்தில் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன, செப்பேடுகளும் உண்டு. சின்ன இடம், அவசரப்படவேண்டாம்.

பேத்திக்கு நம்பெருமாள் கதையைச் சொல்லுங்கள். 1323-இல் டெல்லிப் படை வந்தபோது உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் ஊரை விட்டுக் கிளம்பியது. ஊர் ஊராக ஒளித்து வைத்து, கடைசியில் 1371-இல் விஜயநகரத்துக் கோபண்ணர் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது.

வருகிற நாள் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவோடு மோதுகிறதா என்று முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பகல் பத்து, இராப் பத்து நாட்களில் சிற்பம் பார்க்க இடமிருக்காது. அரையர் சேவையைக் காணக் கிடைத்தால் அது வேறு பாக்கியம். சிற்பத்துக்கு இன்னொரு நாள் வையுங்கள்.

கேள்வி: சின்னப் பையனுக்கு ரயில் பைத்தியம். ஜங்ஷன் பக்கத்து ரயில் மியூசியம் பார்க்கத் தகுந்ததா?
— வாசகர், தில்லைநகர்

பதில்: கட்டாயம். 2014-இல் திறந்தது. பழைய எஞ்சினும் கருவிகளும் படங்களும் உண்டு, திங்கட்கிழமை மூடியிருக்கும். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்தது நம் பொன்மலைப் பணிமனை என்பதைப் பையனிடம் சொல்லி அழைத்துப் போங்கள்.

கேள்வி: திருச்சி என்றால் கோயில் மட்டும்தானா? மற்றவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டோன்மெண்ட்

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு ஐயா. நத்தர்வலி தர்காவிலிருந்து தொடங்கலாம். 1750-களில் இந்த ஊருக்காக நடந்த சண்டையில் ஒரு பக்கம் முகமது அலி வாலாஜா, மறுபக்கம் சந்தா சாகிப். ஒருவருக்கு ஆங்கிலேயர் துணை, மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர். சந்தா சாகிப் 1752-இல் கொல்லப்பட்டார். வாலாஜா 1795 வரை வாழ்ந்தார். இருவருக்கும் அடக்கத்தலம் இதே தர்காதான். கர்நாடகப் போரைப் பாடப் புத்தகத்தில் படித்துச் சலித்த பிள்ளைகளை இங்கே நிறுத்திச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

தெப்பக்குளம் பக்கத்தில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1766-இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் பிஷப் ஹீபரின் கல்லறை. 1826 ஏப்ரல் 3 அன்று இந்த ஊர் வெயிலில் களைத்து வந்து குளிக்க இறங்கியவர், தண்ணீரிலேயே உயிர்விட்டார். ஞாயிறு காலை ஆராதனை முடிகிற நேரத்துக்குப் போனால் உள்ளே நிதானமாகப் பார்க்கலாம். தர்காவுக்குப் போகும்போது தலையை மூடிக்கொள்ள ஒரு கைக்குட்டை எடுத்துப்போகச் சொல்லுங்கள்.