தேத்தண்ணியில் கரையும் சீனி

தாய்மார்களே, உங்கள் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ சீனி வாங்குகிறீர்கள்? சமையலுக்குப் போவது சொற்பம். மிச்சமெல்லாம் தண்ணியில்தான் கரைகிறது.

பெரியவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 25 கிராம் என்றால் ஐந்தாறு தேக்கரண்டி. டின் தண்ணியில் 100 மில்லிக்கு 10 கிராம் என்று போட்டிருந்தால், 320 மில்லி டின்னில் 32 கிராம். பிள்ளை அதை ஒரே மூச்சில் குடித்துவிடும்!

2019 ஜூலை முதல் இப்படிப்பட்ட பானங்களுக்கு நம் நாட்டில் வரி உண்டு. 2025-இல் அது லிட்டருக்கு 90 காசானது. ஆனால் ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு அந்த வரி இல்லை. அதில் ஊற்றும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று. கூட்டிப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுன் கடைகளில் "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். கசக்குதா? முதலில் "கூராங் மானிஸ்" சொல்லுங்கள். வீட்டிலும் வாரம் அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கும். வேலைக்காட்டுக்குக் கொதித்து ஆறிய தண்ணி போதும். மோர் இருந்தால் இன்னும் நல்லது. நம் பாட்டிமார் நீராகாரம் குடித்துத்தானே மரம் வெட்டினார்கள்!

ஒரு எச்சரிக்கை. இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குத் திடீரென்று வேர்த்து, கை நடுங்கினால் சீனி இறங்கியிருக்கலாம். அப்போது சீனித் தண்ணி உடனே கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.