அணை தலைக்கு மேலே, குழாய் காய்ந்து கீழே!

கேள்வி: பாபநாசம் அணை கூப்பிடு தூரத்தில். ஆனாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்டால் நகராட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். அப்படியானால் வாரியத்துக்கு என்னதான் வேலை?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் இந்த முறை அவர்கள் சொன்னதும் சரிதான்.

1971-இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், சென்னை நீங்கலாக மாநிலம் முழுவதற்கும் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்களைத் தீட்டிக் கட்டித் தரும் அமைப்பு. பல ஊர்களுக்குப் பொதுவான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அதுவே நடத்தவும் செய்யும். தண்ணீரின் தரத்தையும் சோதிக்கும். உங்கள் தெருக்குழாய், வால்வு, வீட்டு இணைப்பு, வரி எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. மனுவை ஆணையருக்கே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

அணைத் தண்ணீர் இன்னொரு கணக்கு. 143 அடி உயர பாபநாசம் அணையிலிருந்து கார், பிசானப் பருவ நெல் சாகுபடிகளுக்குத் தண்ணீர் திறக்க அரசு ஆணை வரவேண்டும். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளிலும் பங்கிடுவது நீர்வளத் துறை. மின்சாரம் எடுப்பது மின்வாரியம். ஆற்றில் கழிவு கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரு பொருநை (தாமிரபரணி) ஆற்றுக்கு இத்தனை வாசல்படி!

சரி, பரிகாரம் என்று பாபநாசத்தில் ஆற்றோடு விடுகிற துணிமணிக்கு எந்த வாரியம் பொறுப்பு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.